பாதி எழும்பிய சுவர்



பொதுக்காலத்தின் 23ஆம் ஞாயிறாகிய இன்று, கோபுரம் கட்ட ஆசைப்பட்ட ஒருவரைப் பற்றி ஆண்டவர் சொல்லக் கேட்டோம். முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்காவிட்டால் வேலை அஸ்திவாரத்தோடு நின்றுபோகும், பார்க்கிறவர்களெல்லாம் சிரிப்பார்கள் என்கிறார். வீடு கட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வானம் தோண்டிய நாளிலிருந்து பால் காய்ச்சும் நாள் வரை நீங்கள் தூங்கிய தூக்கம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும்.

நம் அன்பியத்தில் இப்போது ஒரு வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. வடுகபட்டிச் சந்தையில் பூண்டு தரம் பிரிக்கும் நம் சகோதரியின் வீடு. நிலை வைத்த அன்று செபிக்கப் போனேன். பிறகு ஒருநாள் அந்த வழியாக வந்தபோது உள்ளே நுழையப் பார்த்தேன். "இப்ப வேண்டாம் ஃபாதர். பூச்சு முடிஞ்சு, பெயிண்ட் அடிச்சப்புறம் கூப்பிடுறோம். இப்ப பார்த்தா எலும்பும் தோலுமா இருக்கும்" என்று கூச்சத்தோடு மறித்தார். வாசலில் கருப்பும் சிவப்புமாக முகம் வரைந்த திருஷ்டிப் பூசணி தொங்கியது. அதற்காக அவரை நான் கடிந்துகொள்ளவில்லை. அந்தப் பூசணியின் உருட்டுக் கண்களைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் நின்றேன். மனிதர் பார்வைக்கு நாம் எவ்வளவு பயப்படுகிறோம்!

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. லிண்டல் மட்டம் வந்தபோது அவருடைய கணவர் ஆசையோடு போனில் படம் எடுத்து உறவுக்காரர்களுக்கு அனுப்பியிருக்கிறார். முதலில் வந்த பதில், "ஹால் இவ்வளவுதானா?" தோட்டை அடகு வைத்து எழுப்பிய சுவர் அது. அன்று இரவு அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டு நாள் கழித்து, அடுத்த தெருவில் இருக்கும் வயதான கொத்தனார் ஒருவர் வந்தார். யாரும் கூப்பிடவில்லை. செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து ஒரு டீ குடித்தார். எழுந்து தூக்குக்குண்டை வாங்கி மேற்குச் சுவரில் விட்டுப் பார்த்தார். லிண்டலுக்கு மேலே எழும்பியிருந்த வரிகள் விரல் அகலம் வெளியே சாய்ந்திருந்தன. வீட்டுக்காரர் முன்னால் ஒன்றும் பேசவில்லை. மேஸ்திரியைத் தனியே அழைத்து, "நாலு வரியை இறக்கிரலாம் தம்பி, கலவை இன்னும் இறுகல" என்றார். அன்று மாலையே இறக்கிக் கட்டிவிட்டார்கள். நட்டம் அரை மூட்டை சிமெண்ட். கான்கிரீட் ஏறிய பிறகு தெரிந்திருந்தால்?

ஒரே வீட்டைத்தான் அந்த உறவுக்காரரும் இந்தக் கொத்தனாரும் பார்த்தார்கள்.

ஆமோஸ் இறைவாக்கினர் கண்ட ஒரு காட்சி விவிலியத்தில் உண்டு. ஆண்டவர் கையில் தூக்கு நூல்குண்டோடு ஒரு மதில் அருகே நிற்கிறார். தம் மக்களின் கோணலை அளந்து பார்க்கும் தீர்ப்பின் காட்சி அது, கேட்கவே அச்சமாக இருக்கும். ஆனால் அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசியுங்கள். அதற்கு முன் வெட்டுக்கிளிகளையும் நெருப்பையும் பற்றி இரண்டு காட்சிகள் வருகின்றன. இரண்டு முறையும் ஆமோஸ், இந்த மக்கள் சிறியவர்கள், தாங்கமாட்டார்கள் என்று மன்றாடுகிறார். இரண்டு முறையும் ஆண்டவர் மனமிரங்கி விட்டுவிடுகிறார். இரங்கிய பிறகுதான் நூலை எடுக்கிறார். நம் கொத்தனாரும் அப்படித்தானே செய்தார்? முதலில் உட்கார்ந்தார், டீ குடித்தார். அதன் பிறகுதான் குண்டைத் தூக்கினார்.

விவிலியத்தில் இன்னொரு கட்டுமானமும் உண்டு. பாபிலோனிலிருந்து திரும்பி வந்த மக்கள் எருசலேம் ஆலயத்துக்கு மறுபடி அஸ்திவாரம் போட்ட நாளைப் பற்றி எஸ்ரா நூல் சொல்கிறது. பலர் மகிழ்ச்சியில் ஆர்ப்பரித்தார்கள். பழைய ஆலயத்தைக் கண்ணால் பார்த்திருந்த முதியவர்கள் உரத்த குரலில் அழுதார்கள். எது அழுகை, எது ஆர்ப்பரிப்பு என்று பிரித்தறிய முடியவில்லையாம். நம் ஊரில் இதைப் புரிந்துகொள்ளக்கூடிய குடும்பங்கள் உண்டு. 1959இல் வைகை அணை திறக்கப்பட்டது. அந்த அணைக்காகத் தங்கள் ஊரையும் வீட்டையும் தண்ணீருக்கு விட்டுவிட்டு இங்கே வந்து முதலிலிருந்து தொடங்கியவர்கள் இருக்கிறார்கள். கவிஞர் வைரமுத்துவின் குடும்பமும் அப்படி வந்ததுதான். புதுச் சுவரைப் பார்த்து ஒரு பாட்டி அழுதால், அது பொறாமையாக இருக்க வேண்டியதில்லை. மூழ்கிப்போன திண்ணை ஒன்று அவர் நினைவுக்கு வந்திருக்கலாம். எருசலேமில் அழுதவர்களை ஆண்டவர் விரட்டவில்லை. சிறிய தொடக்கத்தை யார் இகழ்வது என்று பிறகு இறைவாக்கினர் செக்கரியா வழியாகக் கேட்டார். அந்த ஆலயத்தைக் கட்டிய செருபாபேலின் கையில் தூக்கு நூலைக் காணும்போது எல்லாரும் மகிழ்வார்கள் என்றும் சொன்னார்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். பக்கத்துக் கிராமங்களில் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் வீடுகள் கட்டுகிறார்கள். 360 சதுர அடி, 3.50 லட்சம் ரூபாய். பணம் மொத்தமாக வருவதில்லை, கட்டங்கட்டமாக வருகிறது. அந்தந்தக் கட்டத்தில் வீட்டைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். பூசாத சுவர், நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, முன்னால் ஈரக் கையோடு வீட்டுக்காரர். வீடு முடிந்த பிறகு காட்டுகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவருக்கு அடுத்த தவணை வராது; வீடும் முடியாது.

பாவசங்கீர்த்தனத் தொட்டி அருகே உட்கார்ந்திருக்கும்போது எனக்கு இதுதான் தோன்றுகிறது. "கொஞ்சம் சரியாகிட்டு வர்றேன் ஃபாதர்" என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறீர்கள்! சரியாகிவிட்டு எதற்கு வருவது? அருளும் கட்டங்கட்டமாகத்தான் நம்மிடம் வருகிறது, அதுவும் பூசாத சுவரைக் காட்டுகிறவர்களுக்கு. தச்சர் வீட்டில் வளர்ந்தவர் நம் ஆண்டவர். முடியாத வேலையைப் பார்த்து முகம் சுளிக்க அவருக்குத் தெரியாது.

சகோதரரே, சகோதரியே, இப்போது உங்களை ஒன்று கேட்கிறேன். குடியை விட்டு நாற்பது நாளான தம்பி ஒருவன் உங்கள் வீட்டுக்கு வருகிறான். லிண்டல் மட்டத்தில் நிற்கும் வீடு அவன். "இன்னும் எத்தனை நாளைக்குன்னு பார்ப்போம்" என்பதா உங்கள் வாயிலிருந்து முதலில் வருகிறது? படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பத் தொடங்கிய மகளிடம், கோபித்துப் போய்த் திரும்பி வந்த மருமகளிடம் என்ன சொல்கிறோம்? கோணலைச் சொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கலவை இறுகுவதற்குள் சொல்லத்தான் வேண்டும். தனியே அழைத்து, இறக்கிக் கட்ட நாமும் கை கொடுப்போம் என்ற மனதோடு சொல்லுங்கள்.

முடிக்க முடியாமலே போனவர்களும் நம் நடுவில் இருக்கிறார்கள். தகப்பன் இறந்து, கடன் ஏறி, கம்பி துருப்பிடித்து நிற்கும் வீடுகள் நம் தெருக்களில் உண்டு. இன்றைய நற்செய்தி உங்களைக் குத்தியிருக்கும். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். கட்டத் தொடங்கி முடிக்காதவனைப் பார்த்து ஊர் சிரிக்கும் என்று சொன்ன அதே இயேசு, சிலுவையில் தொங்கியபோது என்ன ஏச்சைக் கேட்டார் தெரியுமா? கோவிலை இடித்து மூன்று நாளில் கட்டுகிறவனே என்று வழிப்போக்கர்கள் தலையை ஆட்டிப் பழித்தார்கள். கட்டத் தெரியாதவன் என்ற ஏளனத்தை அவரும் காதால் கேட்டார். உங்கள் துருப்பிடித்த கம்பிக்குப் பக்கத்தில் அவர் நிற்கிறார். அவர் தொடங்கியது எதுவும் பாதியில் நின்றதில்லை.

வருகிற புதன்கிழமை நம் சகோதரியின் வீட்டுக்குக் கான்கிரீட் போடுகிறார்கள். அதன் பிறகு இரண்டு வாரம் தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். அவர் விடியுமுன் சந்தைக்குப் போய்விடுவார், கணவருக்கும் வேலை. காலையில் சாரத்தில் ஏறித் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். முடிகிறவர்கள் திருப்பலி முடிந்ததும் அன்பியப் பொறுப்பாளரிடம் பெயர் கொடுங்கள். முதல் நாளுக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.