யார் செய்ய வேண்டிய பரிகாரம்?

பிறர் பொருளைக் கவர்ந்தவன் மனம் வருந்தினால் மட்டும் போதாது. கவர்ந்ததைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். இதை மறைக்கல்வி வகுப்பிலேயே நாம் கற்றிருக்கிறோம். தனிமனிதனுக்குரிய இந்நெறி அரசுக்கும் உரியதன்றோ? இக்கேள்வியை நம்முன் நிறுத்தும் ஊர் ஒன்று உண்டு. அது வேல்ஸ் நாட்டின் நிலக்கரிச் சுரங்கச் சிற்றூராகிய அபர்வான்.

1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. காலை 9.15 மணி அளவில், ஊருக்கு மேலே மலைச்சரிவில் குவிந்திருந்த சுரங்கக் கழிவுமேடு சரிந்து, தொடக்கப்பள்ளியையும் அருகிலிருந்த வீடுகளையும் மூடியது. மாண்டோர் 144 பேர். அவர்களுள் 116 பேர் குழந்தைகள்.

சரிந்த ஏழாம் மேடு, 1958 முதல் மலையூற்றின் மீதே கொட்டப்பட்டு வந்தது. பள்ளிக்குப் பின்னால் கழிவு குவிவது ஆபத்து என்று உள்ளாட்சிப் பொறியாளர் 1963-லேயே எழுதியிருந்தார். சுரங்கமோ தனியாருடையது அன்று. அரசுடைமையான தேசிய நிலக்கரி வாரியத்தினுடையது. நிலத்தடியில் தொழிலாளியைக் காக்க விதிகள் பல இருந்தன. வெளியே கொட்டிய கழிவிலிருந்து ஊராரைக் காக்கத் தக்க சட்டம் இல்லை. 1967-இல் விசாரணை மன்றம் வாரியத்தின் மீதே பழி என்றது. தீய நோக்கம் எவருக்கும் இல்லை, அறியாமையும் திறமையின்மையுமே காரணம் என்றும் கூறியது. ஆனால் திருப்பலியின் தொடக்கத்தில் நாம் செய்த தீமைகளை மட்டுமா அறிக்கையிடுகிறோம்? செய்யத் தவறிய கடமைகளையும் அல்லவா?

சரிந்தது போக எஞ்சிய மேடுகள் ஊரின் தலைக்கு மேலேயே நின்றன. அவற்றை அகற்றுமாறு பெற்றோர் மன்றாடினர். செலவு மிகுதி என்று அரசு தயங்கியது. 1968-இல் ஒருவாறு இசைந்தபோது, அச்செலவுக்கென்று 1,50,000 பவுனைத் துயர்துடைப்பு நிதியிலிருந்தே பெற்றுக்கொண்டது. இறந்த பிள்ளைகளின் குடும்பங்களுக்காக உலகெங்குமிருந்து எளியோரும் இரக்கத்தோடு அனுப்பிய பணம் அது!

பொதுப்பணத்தைச் சிக்கனமாகக் காப்பது அரசின் கடமையல்லவா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆயினும், அந்தக் கரியின் வெப்பத்தில் குளிர்காய்ந்தது நாடு முழுவதும். அதன் கழிவின் அடியில் வாழ்ந்ததோ ஓர் ஊர். பயன் பொதுவாயின் சுமையும் பொதுவாதல் வேண்டும். மேலும், சுரங்கத்தின் உரிமையாளனும் அதைக் கண்காணிப்பவனும் அரசே ஆகும்போது, தன்னைத் தானே சோதித்தறியும் கடமை அதற்கு இருமடங்காகிறது. காயம் பட்டவனிடமே மருந்துக்குக் காசு கேட்பதைச் சிக்கனம் என்று எப்படிச் சொல்வோம்?

1997-இல் அரசு அந்த 1,50,000 பவுனை வட்டியின்றித் திருப்பித் தந்தது. 2007-இல் வேல்ஸ் அரசு நினைவு அறக்கட்டளைக்கு மேலும் 15,00,000 பவுன் வழங்கியது. நன்றே. ஆனால் சக்கேயுவை நினைத்துப் பாருங்கள். ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் தருவதாக, இயேசு தன் வீட்டிற்கு வந்த அன்றே அவர் அறிவித்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து வரும் நீதியை, இடையில் கண்மூடிய தாய் தந்தையர் காண்பதில்லை.

1969-இல் கழிவுமேடுகளுக்கெனத் தனிச்சட்டம் பிறந்தது. எனினும் 2020 பிப்ரவரியில், பெருமழையின்போது, அதே வேல்ஸின் டைலர்ஸ்டவுனில் பழைய மேடொன்று சரிந்தது. இறையருளால் உயிர்ச்சேதம் இல்லை. பின்னர் கணக்கெடுத்தபோது இத்தகைய கைவிடப்பட்ட மேடுகள் வேல்ஸில் 2,000-க்கும் மேற்பட்டவை எனத் தெரிந்தது. சுரங்கத்தை மூடிவிடலாம், பொறுப்பை மூடிவிட முடியாது. மலையை வெட்ட அனுமதிக்கும் கை, அதைச் செப்பனிடும் நாள்வரை விலகாதிருப்பதே நல்லாட்சி.

அடுத்தவர் யார் என்று இயேசுவிடம் ஒருவர் கேட்டார். நம் விளக்கு எரிவதற்காகத் தோண்டிய மண் எவருடைய கூரைக்கு மேலே குவிகிறதோ, அவரும் நமக்கு அடுத்தவரே.