எண்பதில் நிறுத்தும் விரதம்

லினக்ஸ் ஓடும் பல மடிக்கணினிகளில், பேட்டரி 80 சதவீதம் நிறைந்ததும் சார்ஜ் ஏறுவது நின்றுவிடும்படி வைத்துக்கொள்ளலாம். சென்னையின் மயிலாப்பூரிலும் அடையாறிலும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்களில் பலருடைய மடிக்கணினி காலையிலிருந்து இரவு வரை ப்ளக்கில் செருகியபடியே கிடக்கிறது. அவர்களுக்கு இந்த ஓர் ஏற்பாடு பேட்டரியின் ஆயுளைக் கூட்டித் தரும். பராமரிப்புக் குறிப்பு என்ற அளவில் விஷயம் இவ்வளவுதான். ஆனால் இதற்குள் ஒரு பழைய அறக் கேள்வி இருப்பதாக நான் கருதுகிறேன். முழுவதும் கிடைக்கும் என்று தெரிந்தும் ஓர் அளவோடு நிறுத்திக்கொள்வது எப்போது அறமாகிறது? என் விடை இது: அளவை வைப்பவரும் அதற்குக் கட்டுப்படுபவரும் ஒருவராகவே இருக்க வேண்டும், வேண்டும்போது அதைத் தளர்த்தும் உரிமையும் அவர் கையில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத இடத்தில் அதே கட்டுப்பாடு, அதே பலனைத் தந்தாலும், அறமாகாது.

மயிலாப்பூர் என்றதும் இன்று கபாலீசுவரர்தான் நினைவுக்கு வருகிறார். ஆனால் இங்கே சமணரின் 22ஆம் தீர்த்தங்கரரான நேமிநாதருக்கும் ஒரு கோயில் இருந்தது என்றும், கடல் நெருங்கி வந்தபோது அவருடைய திருவுருவம் மேல்சித்தாமூருக்குக் கொண்டுபோகப்பட்டது என்றும் தமிழ்ச் சமணர் மரபு சொல்கிறது. குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு நேமிநாதம் என்று பெயர் வைத்தது இந்த மயிலை நாதரின் பெயரால்தான். சமண சமயம் துறவிக்கு ஓர் ஒழுக்கமும் இல்லறத்தாருக்கு ஓர் ஒழுக்கமும் வகுத்தது. துறவி எல்லாவற்றையும் விட வேண்டும். இல்லறத்தாரை அப்படிக் கேட்கவில்லை. நிலம் இவ்வளவு, பொன் இவ்வளவு, தானியம் இவ்வளவு, அதற்கு மேல் வேண்டாம் என்று தமக்குத் தாமே ஒரு வரம்பு வைத்துக்கொள்ளச் சொன்னது. ஐந்து சிறு விரதங்களில் ஐந்தாவது இது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இந்த இல்லற ஒழுக்கத்தைப் பேசுகிற நூல்கள். சமந்தபத்திரர் இந்த விரதத்துக்கு நேரும் பழுதுகளை வரிசைப்படுத்தும்போது, அளவுக்கு மீறிச் சேர்ப்பதோடு, விலங்கை அதன் சக்திக்கு மேல் நடக்க வைப்பதையும் தாங்காத பாரம் ஏற்றுவதையும் சேர்க்கிறார். ஆசைக்கு வரம்பில்லாத வீட்டில் முதலில் துன்பப்படுவது அந்த வீட்டுக்கு உழைப்பதுதான் என்பதை அவர் கண்டிருக்கிறார்.

லித்தியம் அயனி பேட்டரியின் வேதியியல் இதே திசையில் பேசுகிறது. 1991இல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்த காலம் முதல் இந்த வகை பேட்டரிக்கு இரண்டு பகை உண்டு: நிறைந்த நிலையும் வெப்பமும். வழக்கமான ஒரு செல் முழுக்க நிறையும்போது அதன் மின்னழுத்தம் 4.2 வோல்ட்டைத் தொடுகிறது. அந்த உயர் அழுத்தத்திலேயே மணிக்கணக்கில் நிற்க வைத்தால், உள்ளே இருக்கும் மின்பகுளி நேர்முனையில் சிதைகிறது. எதிர்முனையில் படலம் தடித்து, பயன்படக்கூடிய லித்தியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிப்போடுகிறது. சூடு இந்த இரண்டையும் விரைவுபடுத்தும். சென்னையின் மே மாதத்தில், வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாளில், தி. நகரில் ஒரு மாடியறையில் 100 சதவீதத்தில் செருகியபடியே இருக்கும் மடிக்கணினிக்கு இரண்டு பகையும் ஒன்றாக வந்து சேர்கின்றன. பேட்டரி யாருக்கும் வேலை செய்யாமலேயே தேய்கிறது.

இல்லறத்தாருக்குச் சமணம் சொன்ன இன்னொரு விரதமும் இங்கே பொருந்தும். பயனில்லாமல் தீங்கு செய்யாமை என்று அதைச் சொல்லலாம். தேவையின்றி மண்ணைக் கிளறுவது, நீரை இறைப்பது, நெருப்பை மூட்டுவது எல்லாம் அதில் விலக்கப்படுகின்றன. சமைக்க மூட்டும் தீ வேறு, சும்மா மூட்டும் தீ வேறு. கணினிக்குள்ளும் இப்படிச் சும்மா மூட்டும் தீ இருந்தது. 2007க்கு முன்பு லினக்ஸின் மையநிரலான கெர்னல், செய்ய வேலை எதுவும் இல்லாதபோதும், நொடிக்கு 250 முறையோ 1000 முறையோ பிராசசரை எழுப்பி நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. பிராசசரின் ஆழ்ந்த உறக்க நிலைகளோ இடையூறில்லாத அமைதியில்தான் கைகூடும். அந்த ஆண்டு ஏப்ரலில் வந்த 2.6.21 பதிப்பில், வேலையில்லாத நேரத்தில் இந்தத் துடிப்பை நிறுத்திவைக்கும் வழி சேர்ந்தது. சில வாரங்களில் இன்டெல் பொறியாளர்கள் பவர்டாப் என்ற கருவியை வெளியிட்டார்கள். எந்த நிரல் நொடிக்கு எத்தனை முறை பிராசசரை எழுப்புகிறது என்று அது பெயரோடு காட்டியது. காட்டியதும், காரணமே இல்லாமல் எழுப்பிக்கொண்டிருந்த நிரல்கள் பல வெளிச்சத்துக்கு வந்தன. அவற்றை எழுதியவர்களே திருத்தினார்கள். மூலநிரல் திறந்திருந்ததால், குற்றத்தைக் கண்டவரும் திருத்தக்கூடியவரும் ஒரே கூட்டத்தில் இருந்தார்கள். என் வாதத்துக்கு இது முக்கியமான சான்று, ஏனென்றால் தன் செயலைத் தானே பார்க்க முடியாத இடத்தில் எந்த விரதமும் நிலைக்காது.

இது வெறும் சிக்கனம்தானே, இதை ஏன் அறம் என்று உயர்த்த வேண்டும் என்று கேட்கலாம். மின்சாரக் கணக்கு பார்ப்பவர் இன்னும் அழுத்திக் கேட்பார். மடிக்கணினி சும்மா இருக்கும்போது இழுப்பது பத்து வாட் அளவு. அடுத்த அறையில் ஓடும் ஒன்றரை டன் ஏசி இழுப்பது ஒரு கிலோவாட்டுக்கு மேல். மின்கட்டணம் குறைய வேண்டுமென்றால் ஏசியைத்தான் பார்க்க வேண்டும். இதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேட்டரியில் செலவாவது மின்சாரம் மட்டுமா? பல மடிக்கணினி பேட்டரிகளில் உள்ள கோபால்ட்டில் பெரும்பங்கு காங்கோவின் சுரங்கங்களிலிருந்து வருகிறது. தேய்ந்த பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் வைக்கும் விதிகளை இந்திய அரசு 2022இல் கொண்டுவர நேர்ந்தது, அது குப்பையில் சேர்ந்தால் தீங்கு என்பதால்தான். ரிச்சி தெருக் கடையில் புது பேட்டரி வாங்கிப் போட்டுக்கொள்பவருக்குச் செலவு சில ஆயிரம் ரூபாயோடு முடிந்துவிடுகிறது. மீதி விலையைக் கொடுப்பவரை அவர் பார்ப்பதில்லை. இல்லறத்தாரின் விரதம் தொடக்கத்திலிருந்தே சிக்கனமும் அறமும் பிரியாத இடத்தில்தான் நின்றது. தனக்கும் நன்மை என்பதால் அடுத்தவருக்குக் கிடைக்கும் நன்மை குறைந்துபோவதில்லை.

கட்டுப்படுவது இயந்திரம், மனிதர் எதையும் அடக்கிக்கொள்ளவில்லை, இதில் விரதம் எங்கே என்பது இதைவிட ஆழமான ஆட்சேபம். கெர்னல் ஒரு சிறு கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது. அதில் 80 என்று ஒருமுறை எழுதினால் தீர்ந்தது. பிறகு மனத்துக்கு வேலையே இல்லை. ஆனால் பொருளுக்கு வரம்பு வைக்கும் விரதம் இயங்குவதும் இப்படித்தான். ஆசை எழும் நேரத்தில் அதோடு மல்லுக்கு நிற்பது அந்த விரதத்தின் வழியன்று. மனம் தெளிந்திருக்கும்போதே எண்ணை முடிவு செய்துவிட்டு, பின்னால் வரும் பேரத்துக்கு இடமில்லாமல் செய்வதே அதன் வழி. அறச்செயல் நடப்பது அந்த எண்ணை எழுதும் கணத்தில். கோப்பு அதை நினைவில் வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் எழுதும் கை யாருடையது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 2017 ஜனவரியில் ஆப்பிள் வெளியிட்ட ஐஓஎஸ் 10.2.1, பேட்டரி தேய்ந்த ஐபோன்கள் திடீரென்று அணைந்துபோகாமல் இருக்க அவற்றின் வேகத்தைக் குறைத்தது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் நியாயமான ஏற்பாடு. ஆனால் தன் போன் ஏன் மந்தமானது என்று அதை வாங்கியவருக்குத் தெரியவில்லை. பேட்டரியை மாற்றினால் போதும் என்றும் தெரியாமல் புது போன் வாங்கியவர்கள் உண்டு. அந்த டிசம்பரில் விஷயம் வெளியானபோது நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. அடுத்த ஆண்டு 11.3 பதிப்பில் அந்தக் கட்டுப்பாட்டை அணைக்கும் வசதியும் வந்தது. மக்கள் கோபப்பட்டது வேகம் குறைந்ததற்காக மட்டுமன்று. தம் பொருளின் வரம்பைத் தம்மைக் கேட்காமல் இன்னொருவர் எழுதியதற்காக.

லினக்ஸிலும் எல்லாம் திறந்திருக்கவில்லை. சார்ஜை உண்மையில் நிறுத்துவது மதர்போர்டில் உள்ள ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சில்லு; அதன் நிரல் பெரும்பாலும் மூடப்பட்டதே. திங்க்பேட் மடிக்கணினிகளுக்கு இந்த வரம்பு கெர்னலிலேயே கிடைத்தது 2018இல், 4.17 பதிப்பில், அசுஸ் கணினிகளுக்கு அடுத்த ஆண்டு. எந்த வரம்பையும் ஏற்காத மாதிரிகள் இன்னும் விற்கின்றன. எண்ணை மாற்றும் உரிமை எவ்வளவு அவசியம் என்பதைச் சென்னை மறக்க முடியாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்த பிறகு பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. புயல் எச்சரிக்கை வந்த இரவில் 80இல் நிற்பது பிடிவாதம். டிஎல்பி என்ற லினக்ஸ் கருவியில், வரம்பை அழிக்காமல் அந்த ஒருமுறை மட்டும் முழுக்க ஏற்றிக்கொள்ளத் தனிக் கட்டளையே இருக்கிறது. கட்டளை எழுதத் தெரியாதவர்களுக்காக, லினக்ஸின் திரைமுகங்களான கேடிஇ 2020இலும் க்னோம் 2025இலும் வரம்பு வைக்கும் வசதியை அமைப்புகள் பக்கத்திலேயே கொண்டுவந்துவிட்டன.

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி தரத் தொடங்கியபோது, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் டெபியன் என்ற லினக்ஸ் வகையிலிருந்து உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் ஏற்றப்பட்டிருந்தது. இத்தகைய கணினிகளை மொத்தமாக வாங்கும் மாநில அரசு நிறுவனமான எல்காட், சார்ஜ் வரம்பை லினக்ஸிலிருந்து மாற்ற முடிய வேண்டும் என்ற ஒரு வரியை டெண்டரில் சேர்த்தால், பல லட்சம் வீடுகளுக்கு அந்த உரிமை போய்ச் சேரும். ஆனால் வாங்கித் தருவது அரசு என்பதற்காக 80 என்று அரசே எழுதித் தந்துவிடக் கூடாது. கணினியை முதல்முறை திறக்கும்போது, ஏன் என்று இரண்டு வாக்கியம் தமிழில் சொல்லிவிட்டு, எத்தனை சதவீதத்தில் நிறுத்தட்டும் என்று அது மாணவரையே கேட்கட்டும்.