கழிவும் விரயமும்: கந்தோர்த் தாள் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

கழிவு, விரயம் ஆகிய இரு சொற்களையும் நாம் பெரும்பாலும் ஒரே பொருளிற் கையாளுகின்றோம். ஆயினும் அறவியல் நோக்கில் இவை இரண்டும் வேறானவை. தச்சன் பலகையை இழைக்கும்பொழுது சீவல் உதிர்கின்றது. நெல்லைக் குற்றும்பொழுது உமி பிரிகின்றது. இவை கழிவுகள். தொழில் நடைபெற வேண்டுமாயின் இவை தோன்றியே தீரும். இவற்றுக்காக எவரையும் குறைகூற இயலாது. நல்ல பலகையை மழையில் நனையவிட்டு உளுத்துப்போகச் செய்வதோ விரயம். அங்கே ஒருவர் செய்த தெரிவு உண்டு. தெரிவு உள்ள இடத்திற் பொறுப்பும் உண்டு. பல்கலைக்கழகக் கந்தோர்களிலிருந்து வெளியேறும் தாட்குவியலில் எது கழிவு, எது விரயம், விரயத்துக்குப் பொறுப்பாளர் யார் என்பனவே ஈண்டு ஆராயப்படுகின்றன.

பீடச்சபைக் கூட்டமொன்றின் நிகழ்ச்சிநிரலை எடுத்துக்கொள்வோம். முன்னைய கூட்டத்தின் அறிக்கை, உபகுழுக்களின் விதப்புரைகள், பாடத்திட்டத் திருத்தங்கள் ஆகிய யாவும் உறுப்பினருக்கு மின்னஞ்சலில் அனுப்பப்படுகின்றன. பின்னர் அவையே தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிடப்பட்டு, கட்டுக் கட்டாக மேசைகளில் வைக்கப்படுகின்றன. கூட்டம் முடிந்தபின் புரட்டப்படாத பிரதிகள் பல அங்கேயே கிடக்கின்றன. மாணவர் ஒருவர் தம் பெயரிலுள்ள எழுத்துப் பிழையைத் திருத்த விண்ணப்பிப்பின், பல்கலைக்கழகத்தின் கோவையில் ஏற்கெனவே உள்ள ஆவணங்களின் பிரதிகளையே மீண்டும் இணைக்குமாறு பணிக்கப்படுகின்றார். இவற்றைக் காணாதார் நம்மில் எவருமிலர்.

இதனைச் சிக்கனம் பற்றிய பிரச்சினையாகக் கருதுவோர் உளர். அவர்களது வாதம் வலுவற்றதன்று. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், தாளும் மையும் இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி இன்மையால், மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. தாள் என்பது வானத்திலிருந்து உதிர்வதன்று என்பதை நாடு அன்று உணர்ந்தது. ஆயினும் சிக்கனத்தை மட்டும் அடிப்படையாகக் கொண்டால், தாள் மலிந்தவுடன் கடமையும் மறைந்துவிடும். பஞ்சகாலத்தில் ஒருவன் குறைவாக உண்பதை நாம் ஒழுக்கம் என்பதில்லை. கையில் இருந்தும் வீணாக்காதிருப்பதே ஒழுக்கத்தின் பாற்படும். எனவே தட்டுப்பாட்டைச் சாராத ஓர் அடிப்படையை நாம் தேட வேண்டியவர்களாகின்றோம்.

ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக் 1689இல் வெளியிட்ட அரசியல் ஆய்விலே, இயற்கையிலிருந்து ஒருவன் எடுத்துக்கொள்ளும் உரிமைக்கு ஓர் எல்லை வகுத்தார். கெட்டுப்போகுமுன் தான் பயன்படுத்தக்கூடிய அளவே ஒருவனுக்குரியது. அதற்கு மேற்பட்டது பிறரின் பங்கு என்பது அவரது கருத்து. இவ்வெல்லை பொதுப் பொருளுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். கன்னங்கராவின் சீர்திருத்தங்களின் வழி 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பயனாகவே நாம் இங்கு அமர்ந்திருக்கின்றோம். அதன் செலவை வரியாகச் செலுத்துவோருள், கடையிற் பொருள் வாங்கும் ஒவ்வொரு தடவையும் மறைமுக வரி செலுத்தும் தோட்டத் தொழிலாளியும் கடற்றொழிலாளியும் அடங்குவர். அவர்களுட் பலரின் பிள்ளைகள் பல்கலைக்கழக வாயிலை மிதித்ததில்லை. அவர்கள் தந்த பணத்தில் வாங்கிய தாளை வாசியாது எறிவது வெறும் கவனக்குறைவு அன்று. அவர்கள் பங்கை அவர்களைக் கேளாது அழிப்பதாகும்.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். “நான் ஒருவன் ஒரு தாளைச் சேமிப்பதால் எந்தக் காடு தழைக்கப்போகின்றது? எவருக்கும் புலப்படாத விளைவை உடைய செயல் எங்ஙனம் தவறாகும்?” என்பது அத்தடை. டெரெக் பார்பிற் 1984இல் வெளியிட்ட நூலில் இத்தகைய வாதத்தை அறக்கணக்கில் நிகழும் பிழை எனக் காட்டினார். ஒரு செயலின் தனி விளைவு புலப்படாததாயினும், ஒருங்கே சேர்ந்து தீங்கு விளைக்கும் செயற்றொகுதியில் அது ஓர் உறுப்பாயின் தவறாகலாம் என்பது அவர் துணிபு. ஒவ்வொருவரும் எறிந்தது ஒரு சிறு பொதியே. ஆனால் 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆந் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளில், கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் சரிந்தது ஒரு மலை. முப்பதுக்கும் மேற்பட்டோர் அதன்கீழ் மாண்டனர். அக்குப்பையை உண்டாக்கியோரிற் பெரும்பாலார் அம்மலையருகே வாழ்ந்தவரல்லர். விளைவு நமக்குப் புலப்படாமைக்கு அதன் சிறுமை மட்டுமே காரணமன்று. அது வேறொருவர் வீட்டு வாசலிற் சென்று சேர்வதும் காரணமாகும்.

மீள்சுழற்சி இதற்குத் தீர்வாகாதா என்பர். ஓரளவுக்கே ஆகும். தாளை மீண்டும் கூழாக்கும் ஒவ்வொரு முறையும் அதன் நார்கள் குறுகி வலுவிழக்கின்றன. புதுநார் கலவாமல் அச்சுற்று நெடிது செல்லாது. நீரும் எரிசக்தியும் அதற்கு வேண்டும். வைக்கோலிலிருந்து தாள் செய்த வாழைச்சேனை ஆலையின் வரலாற்றை அறிந்தோர், தாள் உற்பத்தியும் மீளுற்பத்தியும் எத்துணை முயற்சி வேண்டுவன என்பதை உணர்வர். வேண்டாத நூறு பிரதிகளை அச்சிட்டு, பின் அவற்றைப் பச்சை நிறக் கூடையில் இடுபவர் தம் தவறுக்குக் கழுவாய் தேடுகின்றாரேயன்றித் தவறைத் தவிர்க்கின்றாரல்லர். உண்டாக்காமை முதலாவது, மறுபக்கத்தையும் பயன்படுத்துதல் அடுத்தது, மீள்சுழற்சி இறுதியானது. இவ்வரிசையைத் தலைகீழாக்கின் கூடை மனச்சாட்சிக்கு ஒரு மறைவிடமாகிவிடும்.

அங்ஙனமாயின் வேண்டாத பிரதிகள் ஏன் உண்டாகின்றன? சோம்பல் எனலும் அலட்சியம் எனலும் எளிது. உண்மை வேறு. எழுதுவினைஞர் ஒருவர் மேலதிகப் பிரதி எடுத்து வைப்பது, நாளை “அக்கடிதம் எனக்குக் கிடைக்கவில்லை” என மேலதிகாரி கூறின் தாம் அகப்பட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்காக. ஒரு கிளை மற்றொரு கிளையின் பதிவேட்டை நம்பாமையாலேயே மாணவனிடம் மீண்டும் சான்றிதழ் கேட்கப்படுகின்றது. மின்னஞ்சலில் வந்ததை அச்சிட்டுத் தருமாறு பணிப்பதில் பதவியின் மதிப்பும் சிறிது கலந்துள்ளது. ஆகவே கந்தோரில் மிகும் தாள், அச்சத்தின், அவநம்பிக்கையின், அந்தஸ்தின் புறவடிவமாகும். இதனை உணரின் பொறுப்பு எங்குள்ளது என்பதும் தெளிவாகும். தம்மைக் காத்துக்கொள்ளப் பிரதி எடுக்கும் எழுதுவினைஞரைக் கடிந்து சுற்றுநிருபம் அனுப்புவது நீதியன்று. அச்சுற்றுநிருபமும் ஒவ்வொரு துறைக்கும் ஒரு தாளாகவே சென்று சேரும். விதிகளை வகுக்கும் அதிகாரம் உடைய மூதவையும் பேரவையும் பீடாதிபதிகளுமே முதற் பொறுப்பாளர். தவறியவரைத் தண்டிப்பதில் விரையாத, தன் பதிவைத் தானே நம்புகின்ற நிறுவனத்திற்கே குறைந்த தாள் போதும்.

எனினும் இவ்வாதத்தை எல்லை கடந்து இழுத்தலும் தவறு. பழைய தாள் யாவும் குப்பையன்று. கறையானுக்கும் நீருக்கும் தப்பிய சில ஏடுகளைத் தேடித் தொகுத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்திராவிடின் நம் இழப்பு எத்தகையது! 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டதைக் கண்ட ஒரு சமூகம், இடம் போதாமையைக் காரணங்காட்டிக் கோவைகளை ஆராயாது எரிக்க ஒருப்படலாகாது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஆவணங்களைப் பேணும் கடமையைப் பொது நிறுவனங்கள்மீது சுமத்தியுள்ளது. ஒரு பக்கம் வெறுமையாக உள்ள தாள்களை நிறுத்து விற்பதிலும் ஓர் அறப்பிரச்சினை உண்டு. தெருவில் வாங்கிய கச்சான் சரையை விரித்தால், யாரோ ஒருவரின் முகவரியும் அடையாள அட்டை இலக்கமும் அதிற் காணப்படுவது நம் நாட்டிற் புதுமையன்று. தாள் வீணாகவில்லை என மகிழலாமோ? நம்பித் தந்த ஒருவரின் அந்தரங்கம் அங்கு வீணாயிற்று. திரையிலேயே யாவும் முடியின் இடரில்லை எனவும் கூறுதற்கில்லை. பழுதான கணினிகளும் மைக்குடுவைகளும் தாளைவிட நீண்ட காலம் மண்ணிற் கிடந்து நஞ்சாகின்றன.

ஆதலின் விரயத்தைத் தவிர்த்தல் என்பது, குறைவாகச் செய்தல் என்ற ஒற்றை விதியில் அடங்குவதன்று. எதனை உண்டாக்காது விடுவது, எதனைப் பேணுவது, எதனை எவ்வாறு விடுவது என்னும் மூவகைத் தீர்ப்பும் அதில் அடங்கும். தாளின் இருபுறமும் அச்சிடல், கேட்போருக்கு மட்டும் அச்சுப்பிரதி தருதல், ஒருமுறை சமர்ப்பித்த ஆவணத்தை மீண்டும் கேளாமை, அந்தரங்க விபரம் கொண்ட தாளைத் துண்டாக்கிய பின்னரே கூழுக்கு அனுப்புதல் ஆகிய யாவும் பெருஞ்செலவின்றி இவ்வாண்டே தொடங்கத் தக்கவை. பொதுப்பொருளை எங்ஙனம் கையாளுவது என்பதை விரிவுரை மண்டபத்தில் மட்டுமன்றிக் கந்தோர் யன்னலின் முன் காத்துநிற்கும் பொழுதிலும் மாணவன் கற்றுக்கொள்கின்றான். அங்கு அவன் கற்பது நாம் போதிப்பதற்கு முரணாகாதிருத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.