விழுந்து போன வேலி



கிடுகு வேலி அடைத்த காலத்து வீடுகளை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வேலி கள்வனைத் தடுக்கக் கூடியதன்று. அதை வெட்டிக்கொண்டு உள்ளே வர ஒரு கத்தி போதும். ஆனால் அயல் வீட்டு முற்றத்தில் என்ன நடக்கிறதென்று பார்க்க வேண்டுமானால் வேலியருகே போக வேண்டும், குனிய வேண்டும், பொட்டுத் தேட வேண்டும். அப்படிக் குனிகின்ற வேளையில், "நான் ஏன் இதைப் பார்க்கிறேன்?" என்றொரு கேள்வி மனத்தில் எழும். வேலி கண்ணை மறைத்தது கொஞ்சம். மனச்சான்றை விழிக்கச் செய்ததே அதிகம்.

இந்த வாரம் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட விடயம் சதுரங்க விளையாட்டு. வேலிக்கும் சதுரங்கத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். சில மாதங்களுக்கு முன் என்னைக் காண வந்த ஒரு தகப்பன் சொன்னதை முதலில் கேளுங்கள்.

அவருடைய மகன் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். சதுரங்கத்தில் மிகுந்த ஆர்வமுள்ளவன். கைத்தொலைபேசியில் இணையத்தின் வழியே யார் யாரோடெல்லாமோ ஆடுவான். படிப்புக் கெட்டுவிடுமோ என்று தகப்பனுக்குக் கவலை. அவர் விடியற்காலை ஐந்து மணிக்கே வேலைக்குப் புறப்படுபவர். மகனோடு இருந்து பேச நேரம் கிடைப்பதில்லை. ஆகவே உறவுக்காரப் பிள்ளையொருவரின் உதவியோடு, இப்பொழுது பலரும் பாவிக்கின்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒன்றை அந்தச் சதுரங்கத் தளத்தின் ஆட்டப் பதிவுகளோடு இணைத்து, "இந்தப் பெயரில் ஆடுபவர் எப்போது ஆடுகிறார்? எப்படி ஆடுகிறார்?" என்று வினாவினார்.

சில நொடிகளில் விடை வந்தது. நூற்றுக்கணக்கான ஆட்டங்களை வாசித்து, இந்த ஆட்டக்காரர் பெரும்பாலும் நள்ளிரவு 12.45க்கும் 1.30க்கும் இடையில் ஆடுகிறார் என்று அது மரியாதையான தமிழில் எழுதிக் கொடுத்தது. தகப்பனுக்குக் கோபம் பொங்கியது. அன்றிரவே மகனை அழைத்து, தாயின் முன்னிலையில் கடுமையாக ஏசி, கைத்தொலைபேசியைப் பறித்துக்கொண்டார். "நான் இரவில் ஆடுறதில்லை" என்று மகன் சொன்னதைப் பொய்யென்றே எடுத்துக்கொண்டார். "எழுத்தில் கிடக்குது, இன்னும் பொய் சொல்லுறாய்" என்று மேலும் ஏசினார்.

இரண்டு கிழமைகளின் பின் உண்மை வெளிவந்தது. உதவி செய்த அதே உறவுக்காரப் பிள்ளைதான் கண்டுபிடித்தார். அந்தப் பதிவுகளில் எழுதப்பட்டிருந்தது உலகப் பொது நேரம். அதாவது இங்கிலாந்தின் கிறீனிச் மணிக்கணக்கு. இலங்கை நேரம் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. கூட்டிப் பாருங்கள்: அந்த 12.45 நமக்குக் காலை 6.15, அந்த 1.30 நமக்குக் காலை ஏழு மணி. தகப்பன் வேலைக்குப் போன பின், பாடசாலைக்குப் புறப்படுமுன் கிடைத்த முக்கால் மணி நேரத்தில் பிள்ளை ஆடியிருக்கிறான்.

மன்னிப்புக் கேட்கப் போன தகப்பனிடம் மகன் கோபமாக எதுவும் பேசவில்லையாம். "அப்பா, என்னட்டைக் கேட்டிருக்கலாமே" என்று மட்டும் சொன்னானாம். அந்த ஒரு வார்த்தைதான் அவரை என்னிடம் கொண்டுவந்தது. "சுவாமி, மணிக்கணக்குப் பிழைச்சது பெரிசில்லை. அது சரியா இருந்திருந்தாலும் நான் செய்தது பிழைதானோ?" என்று கேட்டார். மிக ஆழமான கேள்வி இது. நாமும் சேர்ந்து சிந்திப்போம்.

முதலில் இந்தப் பதிவுகள் எத்தகையவை என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். சதுரங்கம் தன் வரலாற்றைத் தானே எழுதி வைக்கும் விளையாட்டு. ஒவ்வொரு நகர்வையும் சில எழுத்துக்களிலும் எண்களிலும் குறித்துவிடலாம். 1966 இல் பெல்கிறேட் நகரிலிருந்து 'சதுரங்க இன்போர்மற்றர்' என்ற தொகுப்பு வெளிவரத் தொடங்கியது. உலகின் முன்னணி ஆட்டக்காரர்களின் ஆட்டங்கள் அதில் அச்சாகின. 1972 இல் ரெய்க்யவிக் நகரில் பொரிஸ் ஸ்பாஸ்கியை வென்று உலக வீரரான பொபி பிஷர், ஸ்பாஸ்கியின் ஆட்டங்கள் அடங்கிய நூலொன்றைக் கையோடு கொண்டு திரிந்து படித்தார் என்பது பிரசித்தமான செய்தி. 1980களின் பிற்பகுதியில் ஜேர்மனியின் 'செஸ்பேஸ்' நிறுவனம் இத்தகைய தொகுப்புக்களைக் கணனிக்குள் கொண்டுவந்தது.

இவையெல்லாம் பெரும்பாலும் பெரிய ஆட்டக்காரர்களைப் பற்றிய பதிவுகள். இன்றோ நிலைமை வேறு. 2007 இல் தொடங்கிய 'செஸ்.கொம்' தளத்திலும், 2010 இல் பிரான்ஸ் நாட்டவரான திபோ டுப்ளெசி ஆரம்பித்த 'லிச்செஸ்' என்ற இலவசத் தளத்திலும் சாதாரண மனிதர்களும் சிறுவர்களும் நாள்தோறும் ஆடுகிறார்கள். அவர்களுடைய ஆட்டங்கள் அவரவர் புனைபெயரோடு எவரும் வாசிக்கும்படி திறந்து கிடக்கின்றன. லிச்செஸ் தளம் 2013 முதல் ஆடப்பட்ட பல நூறு கோடி ஆட்டங்களை மாதவாரியாகத் தொகுத்து, விரும்பியவர் எடுத்துக்கொள்ளும்படி வழங்குகிறது. ஆராய்ச்சியாளருக்கும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் இது பெருங்கொடை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அப்பதிவில் நகர்வுகள் மட்டுமா உள்ளன? ஆடிய திகதி, நேரம், வென்றதா தோற்றதா, எப்படி முடிந்தது என்பனவும் உள்ளன. பல ஆட்டங்களில் ஒவ்வொரு நகர்வின்போதும் மணிக்கூட்டில் மிஞ்சியிருந்த நேரங்கூடக் குறிக்கப்பட்டுள்ளது.

சரி, இவை நேற்றும் திறந்துதானே கிடந்தன? ஆம். ஆனால் ஆயிரம் ஆட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, நேரத்தைக் குறித்து, கணக்குக் கூட்டிப் பார்க்க யாருக்குப் பொறுமை இருந்தது? அந்தச் சிரமந்தான் வேலியாக நின்றது. 2024 நவம்பரில் அமெரிக்காவின் அன்ட்ரோபிக் நிறுவனம், செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களை வெளியிலுள்ள தகவற் களஞ்சியங்களோடு இணைப்பதற்கான பொது விதிமுறையொன்றை வெளியிட்டது. வேறு நிறுவனங்களும் அதை ஏற்றுக்கொண்டன. ஆர்வலர்கள் சதுரங்கப் பதிவுகளுக்கும் அத்தகைய இணைப்புக்களை எழுதினர். இப்பொழுது ஒரு வசனத்தில் கேட்டால் போதும். ஆயிரம் ஆட்டங்களை இயந்திரம் வாசித்துச் சொல்லிவிடும்.

இதில் நன்மை இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. இணைப்பு இல்லாத உதவியாளர் தன் பொது அறிவிலிருந்து ஊகித்துப் பேசும். காணாததைக் கண்டதுபோலச் சொல்லவும் கூடும். இணைக்கப்பட்ட உதவியாளரோ பதிவைப் பார்த்துப் பேசுகிறது. ஊகத்தைவிடச் சான்று மேலானது. எனினும் குனிந்து பொட்டுத் தேடும் சிரமம் போனபோது, "நான் ஏன் இதைப் பார்க்கிறேன்?" என்ற கேள்வியும் சேர்ந்து போய்விட்டது.

"பகிரங்கமாக ஆடியதைப் பார்ப்பதில் என்ன பிழை?" என்று சிலர் கேட்கலாம். பாடசாலை மைதானத்தில் விளையாடும் பிள்ளையை வீதியால் போகிற எவரும் பார்க்கலாம், அதில் குற்றமில்லை. ஆனால் ஒருவர் நாள்தோறும் மதிலோரம் நின்று, அந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு வந்தது, எப்போது தோற்றது, எப்போது முகம் வாடியது என்று கொப்பியில் குறித்துக்கொண்டிருந்தால் நாம் சும்மா இருப்போமா? அவர் கண்டது ஒவ்வொன்றும் பகிரங்கமானதே. ஆயினும் தனித்தனியாகக் கண்டதை ஒன்றாகக் கோத்தபோது அது வேறொரு பொருளாகிவிடுகிறது. திறந்து கிடப்பது என்பது ஒன்று. துருவிப் பார்க்க உரிமையுண்டு என்பது இன்னொன்று.

புனித தோமஸ் அக்குவீனாஸ் இந்த விடயத்தை 13ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்திருக்கிறார். அறிவைத் தேடும் நாட்டத்தை ஒரு நற்பண்பாகவும், ஒழுங்கு தப்பிய அறியும் ஆசையைக் குற்றமாகவும் அவர் பிரித்துக் காட்டுகிறார். இரண்டாவதற்கு நம் ஊரில் அருமையான சொல் ஒன்று உண்டு: 'விடுப்பு'. பிறருடைய செயல்களைக் கவனிப்பது எல்லாம் விடுப்பு ஆகாது என்பதையும் அவர் சொல்கிறார். நம்முடைய நன்மைக்காகவோ அவருடைய நன்மைக்காகவோ, அன்பின் முறைப்படியும் நமது பொறுப்புக்கு ஏற்பவும் கவனித்தால் அது பாராட்டுக்குரியது. இழிவாக எண்ணவோ, குறை பேசவோ, வீணே கலங்கச் செய்யவோ கவனித்தால் அது குற்றம். ஆகவே கேள்வி, 'பார்க்க முடியுமா?' என்பதன்று. 'எதற்காக, எந்த முறையில் பார்க்கிறேன்?' என்பதே.

இந்த அளவுகோலைக் கொண்டு அந்தத் தகப்பனின் செயலைப் பார்ப்போம். அவருடைய நோக்கம் நல்லது. பிள்ளையைக் கவனிப்பது அவருடைய பொறுப்பு, உரிமையுங்கூட. அவர் தவறியது முறையில். முதலில் பதிவு, அடுத்துத் தீர்ப்பு, கடைசியிலே பிள்ளை என்று வரிசை தலைகீழாகிவிட்டது. பிள்ளை பேச வாய் திறக்குமுன் வழக்கு முடிந்துவிட்டது. போதிய ஆதாரமின்றி அயலான் குற்றவாளியென்று மனத்தில் தீர்ப்பிடுவதை எட்டாவது கட்டளைக்கு விரோதமான பாவமென்று சிறுவயதிலே ஞானோபதேசத்தில் படித்தோம். 'ஆதாரம் எழுத்தில் இருந்ததே' என்பீர்கள். எழுத்து பொய் சொல்லவில்லை. அது எந்த ஊர் மணிக்கூடு என்று கேட்பார் இல்லாமற் போயிற்று. இயந்திரத்தின் விடை தெளிவாகவும் பணிவாகவும் இருந்தது. தெளிவான பேச்சை உண்மையென்று நம்பிவிடுவது மனித இயல்பு. எந்தச் சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்யாமல் ஏற்றுக்கொள்ளும் நீதவான் உண்டா?

இனி அவருடைய கேள்விக்கு வருகிறேன். மணிக்கணக்கு சரியாக இருந்து, மகன் உண்மையாகவே நள்ளிரவில் ஆடியிருந்தால்? அப்போதும் ஒன்று இழக்கப்பட்டிருக்கும் என்பதே என் எண்ணம். பிள்ளை தன் வாயால் சொல்லும் சந்தர்ப்பம் அது. ஏன் நித்திரை வரவில்லை, பரீட்சைப் பயமா, வேறு ஏதும் மனக்கவலையா என்பதொன்றும் அந்தப் பதிவில் இல்லை. ஆடிய நேரம் பதிவில் இருக்கும். ஆடிய காரணம் பிள்ளையிடந்தான் இருக்கும். கேட்டு அறிந்த உண்மை இருவரையும் நெருக்கமாக்குகிறது. ஒளித்திருந்து அறிந்த உண்மை, உண்மையாகவே இருந்தாலும், இடையில் ஒரு சுவரை எழுப்பிவிடுகிறது.

நம்முடைய சொந்த ஆட்டங்களைப் பற்றி என்ன சொல்லலாம்? நம் பதிவை நாமே உதவியாளரிடம் கொடுத்து, 'நான் எங்கே தவறுகிறேன்?' என்று கேட்பதில் குற்றமில்லை, மிகவும் பயனுண்டு. வெல்லும் நிலையில் அவசரப்படுகிறோமா, நேரம் குறையும்போது தடுமாறுகிறோமா என்பதை அது எடுத்துக் காட்டும். ஆனால் நல்ல பயிற்றுநர்கள் சொல்கிற அறிவுரை ஒன்றுண்டு: தோற்ற ஆட்டத்தை முதலில் நீயே பார், எங்கே பிழைத்தாய் என்று நீயே தேடு, அதன் பின் கணனியைக் கேள். ஆன்ம சோதனையும் இப்படித்தான். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் குருவானவர் உங்கள் பாவங்களை வாசித்துக் காட்டுவதில்லை. நீங்களே தேடிக் கண்டு நீங்களே சொல்ல வேண்டும். பிறர் காட்டிய பிழை கொஞ்ச நாளில் மறந்துபோகும். தானே கண்ட பிழை நெஞ்சில் நிற்கும்.

ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது அதே உதவியைக் கேட்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. விளையாட்டின் சட்டங்கள் அதைத் தடுக்கின்றன. எதிரில் இருப்பவர் உங்களோடு ஆட வந்தவர். இயந்திரத்தோடு ஆட வந்தவரல்லர்.

வாசகர்களே, இது சதுரங்கத்தோடு முடிகிற கதையன்று. இன்று ஆட்டப் பதிவு. நாளை பாடசாலைப் புள்ளிகள், வங்கிக் கணக்கு, வைத்தியக் குறிப்பு. எவ்வெவற்றோடு உதவியாளர் இணைக்கப்படுகிறதோ அங்கெல்லாம் இதே கேள்வி எழும். பழைய வேலியை மீண்டும் அடைக்க நம்மால் இயலாது. அதன் இடத்தில் நிற்க வேண்டியது நம் மனச்சான்று. ஆகையால் ஒருவரைப் பற்றி இயந்திரத்திடம் கேட்குமுன் உங்களையே மூன்று கேள்விகள் கேளுங்கள். இதை அறிவது அவருக்கு நன்மையா? இதை அவர் முகத்துக்கு நேரே என்னால் கேட்க முடியாதா? அறிந்ததை அவரிடம் ஒளிக்காமல் சொல்வேனா?

நடுக் கேள்விக்கு 'முடியும்' என்பது விடையானால், தொலைபேசியை வைத்துவிட்டு அவரிடமே போங்கள். பிள்ளை அடுத்த அறையில்தான் இருக்கிறது.