தீர்ப்புக்கு முன் தண்டனை

குற்றம் செய்தவனைத் தண்டிப்பது அரசின் கடமை என்பதை யாவரும் ஒப்புவர். ஆனால், குற்றம் செய்தானா இல்லையா என்பதே தீர்மானிக்கப்படாத ஒருவனை அரசு எவ்வாறு நடத்த வேண்டும்? இவ்வினாவை ஈண்டு எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

கல்கத்தா மாநகரின் பாலிகஞ்ச் பகுதியில் பிஜன் சேது என்னும் மேம்பாலம் உள்ளது. 1982 ஏப்ரல் 30ஆம் நாள், ஆனந்த மார்க்கத் துறவியர் 17 பேர் அங்கே பட்டப்பகலில் அடித்தும் எரித்தும் கொல்லப்பட்டனர். முப்பது ஆண்டுகள் கழித்து, 2012இல் ஒரு விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. ஆயினும் அக்கொலைகளுக்காக எவரும் தண்டனை பெற்றிலர். இத்தகைய செய்தியைக் கேட்போர், "சந்தேகத்துக்குரியோரை உடனே சிறையிலிடுங்கள், சட்டத்தைக் கடுமையாக்குங்கள்" என்று சினந்து கூறுவது இயல்பே. அச்சினத்தை நாம் இகழவில்லை. ஆனால் கடுமை வேறு, நீதி வேறு.

அதே பாலிகஞ்சில், சர்க்குலர் சாலையில், கத்தோலிக்க இயேசு சபையார் நடத்தும் புனித லாரன்ஸ் பள்ளி இருக்கிறது. அச்சபையைச் சேர்ந்த தமிழர் ஒருவரின் முடிவு இவ்வேறுபாட்டை நமக்கு உணர்த்தும். திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் 1937இல் பிறந்த ஸ்டேன் சுவாமி அடிகளார், ஜார்க்கண்ட் ஆதிவாசிகளிடையே பல்லாண்டுகள் தொண்டாற்றினார். நக்சலைட்டுகள் எனக் குற்றஞ்சாட்டப்பட்டு, வழக்கு முடியாமலே சிறையில் வாடிய ஆதிவாசி இளைஞர்களுக்காக உயர்நீதிமன்றத்தை நாடினார். பின்னர் அவர்களுடைய நிலையே அவருக்கும் வாய்த்தது.

2020 அக்டோபர் 8ஆம் நாள், பீமா கோரேகான் வழக்கில், சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின்படி அவர் கைது செய்யப்பட்டார். வயது 83. பார்க்கின்சன் நோயால் கைகள் நடுங்கின. குவளையை ஏந்திப் பருக இயலவில்லை. உறிஞ்சிக் குடிக்கும் குவளை ஒன்றுக்காக அவர் நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்க நேர்ந்தது. 2021 மார்ச்சில் ஜாமீன் மறுக்கப்பட்டது. மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோதே, ஜூலை 5ஆம் நாள் பம்பாய் மருத்துவமனை ஒன்றில் உயிர் துறந்தார். வழக்கின் விசாரணை தொடங்கவேயில்லை.

தம்மீது சாட்டப்பட்ட குற்றங்களை அவர் மறுத்தார். நீதிமன்றமே முடிவு கூறாத ஒன்றில் நாம் முடிவு கூறுதல் முறையன்று. தீர்ப்பில்லாத இடத்தில் தண்டனை எங்கிருந்து வந்தது என்பதே நம் கேள்வி.

இதற்குக் கத்தோலிக்கத் திருச்சபை தரும் விடை கருதத்தக்கது. 2014 அக்டோபரில் குற்றவியல் சட்ட அறிஞர்களிடம் பேசிய போப் பிரான்சிஸ், தீர்ப்புக்கு முந்திய காவலை முறைதவறிப் பயன்படுத்துவது மறைமுகமான தண்டனையே என்று கண்டித்தார். 2018இல் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு திருத்தப்பட்டு, மரண தண்டனை ஏற்கத்தகாதது என அறிவிக்கப்பட்டது. கொடிய குற்றம் புரிந்தவனும் மனித மாண்பை இழப்பதில்லை என்பதே அதற்குக் காரணம். குற்றவாளிக்கே அம்மாண்பு உண்டெனில், குற்றம் மெய்ப்பிக்கப்படாதவனுக்கு அது இல்லாமற் போகுமா?

இத்திருச்சபையே கோவாவில் 1560 முதல் கொடிய மத விசாரணை மன்றம் நடத்தியது என்பதை நாம் மறக்கவில்லை. தன் பிழையினின்று கற்றவர் சொல்லுக்கு மதிப்பு மிகுதி. நம் அசோக மன்னரும் கலிங்கப் போரின் குருதியைக் கண்டபின்னரே, காரணமின்றி எவரும் சிறைப்படலாகாது என்று தௌலிக் கல்வெட்டில் தம் அதிகாரிகளை எச்சரித்தார்.

"ஆபத்தானவரை வெளியே விடலாமா?" என்று கேட்பர். காவல் சில வேளைகளில் தேவையாகலாம். ஆனால் காவலில் வைப்பவர் விரைந்து விசாரிக்கவும், கைதியின் உடலைப் பேணவும் கடமைப்பட்டவர். அக்கடமை தவறினால் காவலே தண்டனையாகிவிடும். 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோரில் 100க்கு 75 பேருக்கு மேல் விசாரணைக் கைதிகளே. அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் எந்தச் செய்தித்தாளிலும் வந்ததில்லை.

பிஜன் சேதுவில் குற்றம் நடந்தது, தண்டனை இல்லை. அடிகளார் வழக்கில் தண்டனை நடந்தது, தீர்ப்பு இல்லை. இரண்டிலும் நோய் ஒன்றே: உரிய காலத்தில் உரிய விசாரணை நடவாமை. ஆகவே கடுமையான சட்டத்தைக் கேட்பதற்கு முன், தாமதமில்லாத நீதியைக் கேட்போமாக. சிறையிலிருப்போரைச் சென்று காண்பதை இயேசுநாதர் தமக்கே செய்த உதவியாக எண்ணினார். கருணையை அறமெனக் கொண்ட நாமும் அக்கதவருகே ஒருமுறையேனும் சென்று நிற்றல் வேண்டும்.