நடுவில் ஒரு கால்

நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம். மீன்தொட்டிக் கடையில் இந்த அளவைச் சொன்னால் "ஹாலுக்கு எடுப்பா இருக்குங்க" என்பார்கள். எடையைப் பற்றிப் பேச்சே வராது. 12 மி.மீ. கண்ணாடியில் செய்தால் வெறும் தொட்டியே 75 கிலோவைத் தாண்டும். விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே வரை ஊற்றினால் ஏறத்தாழ 280 லிட்டர் தண்ணீர், அதாவது 280 கிலோ. அடியில் பரப்புகிற கூழாங்கல், மூடி, வடிகட்டி எல்லாம் சேர்ந்தால் 400 கிலோ. ஏழு பெரியவர்கள் ஒரு கட்டிலில் ஏறி நின்றுகொண்டு இறங்கவே மாட்டோம் என்று சொன்னால் எப்படியோ அப்படி.

எங்கள் பக்கத்தில் தண்ணீரை அடியில் அளந்துதான் பழக்கம். காலையில் பேப்பரைப் பிரித்தால் கண் முதலில் போவது மேட்டூர் நீர்மட்டத்துக்கு. 1934இல் கட்டி முடித்த அணை. நிரம்பினால் 120 அடி, 93.47 டிஎம்சி. இந்தக் கணக்கு சேலம், நாமக்கல் விவசாயிகளுக்கு மனப்பாடம். ஆனால் அந்தத் தண்ணீர் ஒரு சுவரின் மேல் எவ்வளவு பாரமாகச் சாய்ந்துகொண்டு நிற்கிறது என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அந்த அணைக்குக்கூட ஒரு ஜூன் 12 உண்டு. நீர் இருக்கிற வருடங்களில் அன்றைக்கு டெல்டாவுக்குத் திறந்து விடுவார்கள். மட்டம் இறங்கும், சுவருக்கு ஓய்வு கிடைக்கும். வீட்டு மீன்தொட்டிக்கு அப்படி ஒரு தேதி கிடையாது.

தொட்டி ராசிபுரத்தில் அண்ணன் வீட்டுக்கு. பக்கவாதம் வந்ததிலிருந்து அம்மா அங்கே ஹாலில்தான் படுத்திருக்கிறார். நாளெல்லாம் எதிர்ச்சுவரையே பார்த்துக் கிடக்கிறாரே, கண்ணுக்கு ஏதாவது அசைவு வேண்டாமா என்று யோசனை சொன்னது அண்ணி. கடைகளில் விற்கிற ஸ்டாண்டுகள் எல்லாம் இரண்டரை அடி உயரம், உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கானவை. படுத்திருப்பவரின் கண்ணுக்கு நேரே மீன் தெரிய வேண்டுமானால் ஒன்றரை அடிக்கு மேல் போகக் கூடாது. போதாததற்கு அந்த ஸ்டாண்டுகள் பலவும் மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகையில் செய்தவை. ஓரத்தில் ஒருமுறை தண்ணீர் இறங்கிவிட்டால் அந்தப் பலகை உப்பிப் பொருபொருத்துப் போகும். அதனால் சொந்தமாகவே செய்வது என்று முடிவானது. தோட்டத்தில் அறுத்துக் காயவைத்த வேப்பஞ்சட்டங்கள் இருந்தன. மேல்பலகைக்கு மட்டும் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ப்ளைவுட் வாங்கிக்கொண்டோம்.

செய்தவர் நாமக்கல் லாரி பாடிப் பட்டறைகளில் வெகுகாலம் மரவேலை பார்த்த ஆசாரியார். இப்போது பாடி கட்டுவதில் இரும்புதான் அதிகம் என்பதால் வீட்டு வேலைகளுக்கு வருகிறார். அளவைக் கேட்டார், எடையைக் கேட்டார். நானூறு என்றதும் சிரித்தார்.

"நானூறுதானுங்களா? நாங்க கட்டுன பாடில பதினஞ்சு டன்னு ஏத்திட்டு அஸ்ஸாம் போறாங்க."

சொல்லிவிட்டு ஒரு சட்டத்தை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்துக் கோட்டம் பார்த்தவர், அப்படியே நிறுத்தி, "எப்பங்க எறக்குவீங்க?" என்றார்.

"எறக்கறதில்லீங்க. வருசக்கணக்கா அப்படியேதான் நிக்கும்."

"அப்ப கணக்கே வேறங்க. லாரி போய்ச் சேர்ந்துச்சுன்னா லோடு எறங்கிரும், மரம் மூச்சு வுட்டுக்கும். இது எறங்காத லோடுங்க. சட்டம் பெருசாப் போடோணும்."

அவர் அனுபவத்தில் சொன்னது ஆய்வுக்கூடக் கணக்கோடு ஒத்துப்போகிறது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் மரத்தின் வலுவை ஆராய்வதற்கென்றே 1910இல் தொடங்கிய அரசு ஆய்வுக்கூடம் ஒன்று உண்டு. அங்கே இருந்த லைமன் உட் என்பவர் 1951இல் ஒரு வளைகோட்டை வெளியிட்டார். மரம் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதைப் பொறுத்தது என்று அந்தக் கோடு காட்டியது. சில நிமிடச் சோதனையில் 100 கிலோ வரை முறியாமல் நிற்கிற சட்டம், பாரத்தைப் பத்தாண்டுகள் சுமக்க வேண்டுமென்றால் 62 கிலோ அளவுக்குத்தான் நம்பலாம். மரவேலைக்கான பொறியியல் விதிகளில் பாரம் நிற்கும் காலத்தையும் கணக்கில் சேர்க்கும் வழக்கத்துக்கு இந்தக் கோடு ஓர் அடிப்படை.

முறிவது கடைசியில் நடப்பது. அதற்கு வெகுகாலம் முன்பே மரம் தொய்யத் தொடங்கிவிடும். புத்தகம் அடுக்கிய பலகை நடுவில் பள்ளம் விழுவதை எல்லார் வீட்டிலும் பார்க்கலாம். ஏற்றிய அன்றைக்கு நேராக இருந்த பலகைதான், பாரமும் கூடவில்லை. ஈரமும் வறட்சியும் மாறி மாறி வந்தால் தொய்வு இன்னும் வேகமாகும். எங்கள் ஊர் வெயிலில் சித்திரையில் மரம் சுருங்கும், ஐப்பசி மழையில் ஊறும். சுருங்கி ஊறும் ஒவ்வொரு தடவையும் பாரத்தின் கீழே இன்னும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டதிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. மனிதர்களின் பலத்தை நாம் எதை வைத்து அளக்கிறோம்?

அண்ணன் பத்துச் சக்கர லாரி ஓட்டுகிறார். 2018இல் மாறிய விதிப்படி அந்த வண்டி சரக்கோடு சேர்த்து 28.5 டன் வரை போகலாம். குவாஹாட்டி வரைக்கும் போய்த் திரும்புவார். மலைச்சாலையில் இரவு ஓட்டுவதும், செக்போஸ்ட்டில் காத்துக் கிடப்பதும், மொழி தெரியாத ஊரில் டயர் வெடித்து நிற்பதும் சாதாரணப் பாடில்லை. அவர் திரும்பி வந்தால் வீடே எழுந்து நிற்கும். வெந்நீர் தயாராக இருக்கும், கறி எடுப்பார்கள், பகலெல்லாம் தூங்க விடுவார்கள். அது நியாயம்தான். அவருடைய பாரம் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது, ஓர் ஊரில் ஏற்றி இன்னோர் ஊரில் இறக்குகிற பாரம்.

அண்ணியின் பாரத்துக்கு இறக்குகிற ஊர் இல்லை. அம்மாவைத் துடைத்து, உடை மாற்றி, கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டி, மருந்து கொடுத்து முடிப்பதற்குள் மத்தியானம் வந்துவிடும். எடுத்துச் சொல்லும்படி அதில் எதுவுமில்லை. ஒரு கரண்டிக் கஞ்சி என்ன எடை இருக்கும்? அந்தக் கரண்டி நாளைக்கும் உண்டு, அடுத்த மாசமும் உண்டு, தீபாவளியன்றும் உண்டு. எங்கள் பக்கத்தில் பாதி வீடுகள் இப்படித்தான் நடக்கின்றன. கோழிப்பண்ணைக்குப் பொங்கல் விடுமுறை கிடையாது. லாரியில் போன ஆணுக்காகக் காத்திருக்கிற வீட்டில் மாடு, தோட்டம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், பெரியவர்களின் சர்க்கரை மாத்திரை எல்லாமே ஒரே ஆளின் தோளில்.

ஒரு ராத்திரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்றால் ஊரே வரும். கல்யாணச் செலவு என்றால் பங்காளிகள் கூடுவார்கள். பெரிய பாரத்துக்கு ஆள் சேர்வதில் எங்கள் பக்கத்துக்காரர்களைக் குறை சொல்லவே முடியாது. தினப்படி பாரத்துக்குத்தான் யாரும் சேர்வதில்லை. அதற்குப் பதிலாகப் பாராட்டுகிறோம். "அந்தப் புள்ள மாதிரி மாமியாரப் பாக்கறதுக்கு ஆளு இல்லீங்க" என்று அண்ணியைப் பற்றி ஊரில் சொல்லாதவர் கிடையாது. நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இப்போது வயிற்றைக் கலக்குகிறது. தாங்குகிறவரைத் தெய்வமாக்கிவிட்டால், பிறகு அவரிடமிருந்து பாரத்தை வாங்கிக்கொள்ள வேண்டிய கடமை யாருக்கும் இல்லாமல் போகிறது.

பழைய பாதைகளில் இன்னும் சில இடங்களில் சுமைதாங்கிக் கற்கள் நிற்கின்றன. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவு. தலைச்சுமையோடு வருகிறவர் இன்னொருவர் கை கொடுக்காமலே சுமையை அதன் மேல் சாய்த்து இறக்கலாம், இளைப்பாறிவிட்டுத் தானே மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். கர்ப்பமாக இருக்கும்போதே இறந்துபோன பெண்களின் நினைவாக இவற்றை நடுவது வழக்கமாக இருந்தது. நடுவழியில் இறக்கி வைக்கவே முடியாத ஒரு சுமையோடு போனவளுக்காக, வழிப்போக்கர்கள் எல்லாருக்கும் இறக்கி வைக்க ஓர் இடம். இந்த மண்ணில் இதைவிட ஆழமாக யோசித்து யாராவது ஒரு நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் கல்லை நடுவதற்கு ஒரு பெண் சாக வேண்டியிருந்தது என்பதை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை.

ஆசாரியார் சட்டத்தைப் பெரிதாக்குவதோடு நிற்கவில்லை. 2க்கு 4 அங்குலச் சட்டத்தைப் படுக்கப் போடாமல் செங்குத்தாக நிறுத்தினார். அதே மரம்தான், நிறுத்திப் போட்டால் விறைப்பு நான்கு மடங்கு. கால்களில் மேல்சட்டத்தை ஆணியிலோ ஸ்குரூவிலோ தொங்கவிடவில்லை. கால்தலையின் மேலேயே உட்கார வைத்தார். பாரம் மரத்திலிருந்து மரத்துக்கு இறங்கி நேரே தரைக்குப் போய்விட வேண்டும், ஸ்குரூவின் வேலை விலகாமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான் என்றார். நான்கு காலும் நின்றதும் மூலையில் கை வைத்து ஒரு தள்ளுத் தள்ளிக் காட்டினார். ஸ்டாண்டு பக்கவாட்டில் லேசாக ஆடியது. பின்பக்கம் முழுப் பலகை ஒன்றை அடித்துவிட்டு மறுபடி தள்ளினார். அசையவில்லை.

அதன் பிறகுதான் அவர் செய்ததில் முக்கியமானது. நான்கடி நீளத்துக்கு நடுவில், முன்னும் பின்னுமாக இன்னும் இரண்டு கால்கள். கீழே சாமான் வைக்க இடைஞ்சலாக இருக்குமே என்றேன். "எடம் முக்கியமா, சட்டம் முக்கியமா?" என்று கேட்டுவிட்டு அளந்து அறுக்கத் தொடங்கினார். சட்டம் முழுக்கப் பரவிய பாரத்தில், தாங்கலில்லாத நீளம் பாதியானால் தொய்வு பாதியாகக் குறைவதில்லை. பதினாறில் ஒரு பங்காகக் குறைகிறது. சட்டத்தை எவ்வளவு பருமனாக்கினாலும், எவ்வளவு உயர்ந்த மரமாகத் தேடினாலும், நடுவில் ஒரு கால் கொடுக்கிற பலனை அவ்வளவு மலிவாகப் பெற முடியாது.

அந்தக் காலைத் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே வைத்தாக வேண்டும். நிரப்பிய தொட்டியின் அடியில் நுழைந்து ஆசாரியார் வேலை செய்ய முடியாது. மேல்பலகை மேல் தெர்மாகோல் விரித்துத் தொட்டியை வைத்தோம், மூன்றில் ஒரு பங்கு ஊற்றி ரசமட்டம் பார்த்தோம். மட்டப்பலகையைவிடத் தண்ணீர் பொய் சொல்லாத சாட்சி: தொட்டி சாய்ந்திருந்தால் நீர்க்கோடு கண்ணாடியின் விளிம்புக்கு இணையாக ஓடாது. இணையாகத்தான் ஓடியது. மறுநாள் முழுக்க நிரப்பினோம். எங்கள் போர்த் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதால் அதைத் தாங்குகிற மோலி மீன்கள். கறுப்பு மோலி ஒன்று கண்ணாடி ஓரமாக வந்து நின்றால் அம்மாவின் கண் அதன் கூடவே போகிறது.

தம்பி திருப்பூரில், தங்கை திருச்செங்கோட்டில், நான் சேலத்தில். அந்த வாரமே மூவரும் ராசிபுரத்தில் கூடிப் பேசினோம். மாசம் இவ்வளவு என்று பங்கு போட்டு, பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வைத்துவிடலாம் என்றான் தம்பி. அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை.

"காசு வேண்டாந் தம்பி. ஆளு வந்தா அந்தாள நாந்தான பாத்துக்கோணும்? மாசத்துல ஒரு வாரம் நீங்க ஒருத்தரு வந்து இருங்க. நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிட்டு வாரேன்."

சொல்லிவிட்டு நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். மாத்திரைகள், கஞ்சியின் பதம், எந்தப் பக்கத்துத் தோளைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்பது வரை இருந்தது. கடைசி வரி: முதுகுல புண்ணு வராம இருக்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்காத் திருப்பிப் படுக்க வெக்கோணும், ராத்திரியும். தங்கை அந்த வரியைப் படித்துவிட்டு, "ராத்திரியுமா அண்ணி? எத்தன நாளா?" என்று கேட்டாள். அண்ணி பதில் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டார்.

முதல் வாரம் தம்பி இருந்தான், போன மாசம் நான். பங்குனியில் தங்கையின் முறை, ஆனால் அப்போது அவள் மகளுக்குப் பொதுத்தேர்வு. அந்த வாரத்தை யார் எடுத்துக்கொள்வது என்று இன்னும் போனில் பேசிக்கொண்டிருக்கிறோம்.