வெறுங்கை

சிவகாசியில் ஒரு பட்டாசுக் கடை. கல்லாவுக்கு மேலே கேமரா. அதன் ஓரத்தில் சின்னச் சிவப்பு விளக்கு எரிகிறது.

கீழே ஒருவர் நோட்டு எண்ணுகிறார். ஒருமுறை எண்ணி முடித்ததும் தலை தானாக மேலே நிமிர்கிறது. மறுபடி எண்ணுகிறார்.

வெளியே வெயில்.

*

பணத்துக்கு மேலே இதைவிடக் கூர்மையான கண் இருக்கும் இடம் கேசினோ. தமிழ்நாட்டில் அது கிடையாது. 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் இன்னும் இருக்கிறது. கோவாவில் மாண்டவி ஆற்றின் மேல் சூதாட்டக் கப்பல்கள் நிற்கின்றன. சிங்கப்பூரில் 2010-இல் இரண்டு அரங்குகள் திறந்தன. ஒன்று செந்தோசாவில், ஒன்று மரினா பேயில்.

அப்படிப்பட்ட அரங்குகளில் ஒவ்வொரு மேசைக்கும் மேலே கூரையில் கறுப்புக் குமிழ். உள்ளே கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கீழே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

தெரியாததால் எல்லாப் பக்கமும் பார்க்கிறது.

*

பணம் மேசைக்கு வந்ததும் சில்லாக மாறுகிறது. உள்ளங்கையில் அடங்கும் வட்டம். கொஞ்சம் கனம். ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு நிறம். விளிம்பில் வேறு நிறத்தில் பட்டைகள்.

அடுக்கி வைத்தால் முகம் மறைந்துவிடும். விளிம்பு மட்டும் தெரியும். கேமரா அந்தப் பட்டைகளை வாசிக்கிறது.

இருபது சில்லு ஓர் அடுக்கு. பக்கத்து அடுக்கு அதே உயரம். ஒன்று குறைந்தால் கண்ணில் படும்.

*

ஆனாலும் மேலே இருக்கும் கண்ணுக்கு எல்லாம் தெரிவதில்லை. கை உதவ வேண்டியிருக்கிறது.

சீட்டுப் போடுகிறவர் அடுக்கைச் சரித்து மேசையில் பரப்புகிறார். சில்லுகள் ஒன்றையொன்று பாதி மறைத்தபடி வரிசையாகப் படுக்கின்றன. ஒரு கணம் அப்படியே விடுகிறார். பிறகு கூட்டி எடுக்கிறார்.

அந்த ஒரு கணம் கேமராவுக்கு.

*

வேலை மாறும் நேரம். சீட்டுப் போட்டு முடித்தவர் மேசைக்கு மேலே இரண்டு கைகளையும் நீட்டுகிறார். மெல்லத் தட்டுகிறார். விரல்களை விரித்துப் புறங்கை காட்டுகிறார். உள்ளங்கை காட்டுகிறார்.

ஒன்றுமில்லை.

யாரும் அவரிடம் கேட்கவில்லை. தினமும் செய்து செய்து கை தானாகவே திரும்புகிறது.

*

மேசை திறக்கும்போது எத்தனை சில்லு. நடுவில் வந்தது எத்தனை. போனது எத்தனை. மூடும்போது எத்தனை. ரொக்கம் மேசைக்கு அடியில் பூட்டிய பெட்டிக்குள் விழுகிறது.

கணக்கு இடித்தால் பதிவைப் பின்னோக்கி ஓட்டுகிறார்கள். சிரித்தவர் சிரிப்பதற்கு முன்னால் போகிறார். வைத்த கை பின்வாங்குகிறது. சில்லு எங்கே நின்றதோ அங்கே படம் நிற்கிறது.

*

சில அரங்குகளில் சில்லுக்குள்ளேயே நுண்ணிய சுருள் ஒன்றைப் புதைத்திருக்கிறார்கள். மேசைத் துணிக்கு அடியில் ஆன்டெனா. அலை போய்த் தொட்டதும் சில்லு தன் எண்ணைச் சொல்கிறது. அதற்குள் பேட்டரி இல்லை. தொடும் அலையிலிருந்தே தனக்கு வேண்டிய சக்தியை எடுத்துக்கொள்கிறது.

அலை விலகினால் பேச்சு நின்றுவிடுகிறது.

பந்தயம் வைத்து முடித்த பிறகு ஒரு சில்லு கூடினாலும் தெரிந்துவிடும். குறைந்தாலும் தெரியும்.

*

2010 டிசம்பர். லாஸ் வேகாஸ். விடிவதற்கு முன்னால் ஒருவன் ஹெல்மெட்டோடு பெலாஜியோ கேசினோவுக்குள் நுழைந்து, ஏறக்குறைய 15 லட்சம் டாலர் சில்லுகளோடு மோட்டார் சைக்கிளில் போய்விட்டான். கேமராக்கள் எல்லாவற்றையும் பதிவு செய்தன, ஹெல்மெட்டுக்குள் இருந்த முகத்தைத் தவிர.

அரங்கம் தன் 25,000 டாலர் சில்லுகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. குறித்த நாளுக்குப் பிறகு அவை செல்லாது.

ஓர் அறிவிப்பு. கையில் கனம் மட்டும் மிச்சம்.

*

சிவகாசியின் அச்சகங்களில் ஒரு காலத்தில் லாட்டரிச் சீட்டுகள் ஓடின. ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் எண். ஒன்று போல் இன்னொன்று இருக்கக் கூடாது. எண்ணிக் கட்டினார்கள்.

2003 ஜனவரியில் தமிழ்நாடு லாட்டரியைத் தடை செய்தது.

அச்சகச் சந்துகளில் மையின் வாசம் மாறவில்லை. இப்போது காலண்டர்.

*

விடிகாலை. பயர் ஆபீஸ் வேன் வருகிறது. பட்டாசு ஆலைக்கு இங்கே அதுதான் பெயர். தூக்குச்சட்டியோடு ஏறுகிறார்கள். பருத்திச் சேலை. ஜன்னலோரம் ஒருத்தி கண்ணை மூடிக்கொள்கிறாள். இரண்டு பக்கமும் கரிசல் காடு. சீமைக் கருவேலம். தூரத்தில், ஒன்றுக்கொன்று எட்டி நிற்கும் சின்னச் சின்ன அறைகள்.

அவ்வளவு இடைவெளியும் ஒரு கணக்கு. ஓர் அறை போனால் அடுத்தது நிற்க வேண்டும்.

*

அறை வாசலில் செம்புத் தகடு. உள்ளே போகுமுன் உள்ளங்கையை அதில் வைக்க வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும்.

வைக்கிறாள். தகடு குளிர்ச்சி. எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. எடுக்கிறாள்.

வெறுங்கையைக் காட்டிவிட்டு உள்ளே போகிறாள்.

*

வெடியுப்பு. கந்தகம். அலுமினியத் தூள்.

அலுமினியத் தூள் நகக்கண்ணில் ஏறுகிறது. கைரேகையில் இறங்குகிறது. கழுவினாலும் கொஞ்சம் தங்கிவிடுகிறது. சாப்பாட்டு நேரத்தில் சோற்றுக்குப் பக்கத்தில் வெள்ளிநிற விரல்கள்.

ஒருவரும் பேசவில்லை. வேப்பமரத்தில் காற்று.

*

இங்கேயும் எண்ணுகிறார்கள். கூலி எண்ணிக்கைக்கு. தீப்பெட்டி ஆபீஸில் 144 பெட்டி ஒரு குரோஸ். பட்டாசில் எத்தனை அடைத்தாய், எத்தனை சுற்றினாய். சாயங்காலம் நோட்டில் ஏறுகிறது.

தீபாவளி நெருங்கினால் எண்ணிக்கை கூடுகிறது. கை வேகமாகிறது. ஆட்கள் கூடுகிறார்கள். அறை அதே அளவில் இருக்கிறது.

வெடிமருந்து பற்ற உராய்வு போதும்.

*

முதலிப்பட்டி. 2012 செப்டம்பர் 5. பட்டாசு ஆலையில் வெடிவிபத்து. இறந்தவர்கள் முப்பதுக்கும் மேல்.

சாத்தூர் பக்கம் அச்சன்குளம். 2021 பிப்ரவரி 12. பத்தொன்பது பேருக்குக் குறையவில்லை.

அன்றைக்கு எண்ணினார்கள். ஆஸ்பத்திரி வாசலில், ஊர்ச் சாவடியில், பெயர் சொல்லிச் சொல்லி. பின்னோக்கி ஓட்டிப் பார்க்கப் படம் இல்லாத எண்ணிக்கை.

*

மூச்சு உள்ளே வருகிறது. மேலே எங்கோ கறுப்புக் குமிழ்கள் சில்லுகளைப் பார்த்தபடி இருக்கின்றன. கண்ணை எடுப்பதில்லை.

மூச்சு வெளியே போகிறது.

ஒரு சில்லுக்குக் கிடைக்கும் அந்தக் கவனம். அது கண்முன் நிற்கிறது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் போகிறது.

*

சூதாட்ட மேசையில் கேமரா எண்ணுவது சில்லை. ஆபீஸ் நோட்டு எண்ணுவது குரோஸை. அறைக்குள் எண்ண வேண்டிய இலக்கம் மிகச் சிறியது. ஒரு கை விரல்கள் போதும். கறுப்புக் குமிழ் வேண்டாம், ஆன்டெனா வேண்டாம். வாசலில் நின்று உள்ளே ஒருமுறை பார்த்தால் தெரிந்துவிடும்.

விதிப்படி, மருந்து அடைக்கும் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது.